உதைபந்தாட்ட வீரர் கினி காட்டிய வழி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

இளைஞர்க்குப் பயன்படத்தக்க பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் என்னைக் கேட்டார். உதைபந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் சற்றுத் திகைத்து, பின்னர் சிரித்துக்கொண்டே இசைந்தார். பந்தை உதைப்பவனைப் பற்றிப் பேசவும் ஒரு மேடையா என்று இங்குள்ள பெரியோர் சிலர் எண்ணக்கூடும். எத்தனை கோல் போட்டார் என்பதைச் சொன்னாற் போதுமே என்று இளைஞர் எண்ணக்கூடும். இருசாராரும் சிறிது பொறுத்துக் கேட்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான் பேச எடுத்துக்கொண்டவர் ஸ்பெயின் நாட்டவர். என்ரிக்கே காஸ்த்ரோ கொன்சாலெஸ் என்பது அவருடைய முழுப்பெயர். ஆனால் அந்நாட்டில் அப்பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. கினி என்றால் சிறு பிள்ளைக்குந் தெரியும். ஸ்பெயின் நாட்டின் வடகரையிலே, ஒருபுறம் மலையும் மறுபுறம் கடலுமாக அமைந்த அஸ்தூரியாஸ் என்னும் பகுதி உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களும் உருக்காலைகளும் நிறைந்த தொழிலாளர் பூமி அது. அங்கே ஒவியேதோ நகரில் 1949ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் திகதி கினி பிறந்தார். அவிலேஸ் என்னும் ஊரில், பெரிய உருக்காலை ஒன்றின் அருகே தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தார். அந்த ஆலையின் உதைபந்தாட்டக் குழுவிலேதான் அவருடைய ஆட்டம் முதன்முதல் வெளிப்பட்டது. 1968ஆம் ஆண்டு அயல் நகரமாகிய கிஹோனில் உள்ள ஸ்போர்ட்டிங் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்பொழுது அக்கழகம் இரண்டாம் பிரிவிலே ஆடிக்கொண்டிருந்தது. ஈராண்டுகளில், 1970இல், அது முதற் பிரிவுக்கு ஏறியது. அப்பருவத்தில் இரண்டாம் பிரிவில் அதிக கோல்கள் அடித்தவர் கினியே.

நம்மூரிலே சென்ரர் போவேட் என்று சொல்லுகிறோமே, அந்த இடத்து ஆட்டக்காரர் அவர். அவ்விடத்தின் தொல்லையை ஆடியவர்கள் அறிவர். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் அவன் காலிற் பந்து இருக்கும் நேரம் மிகச் சிறிது. எஞ்சிய நேரமெல்லாம் காத்திருத்தல், இடம் பார்த்தல், பின்னணிக்காரனின் முழங்கையையும் முழங்காலையும் தாங்குதல். ஒன்பது முறை தவறிப் பத்தாம் முறை பந்து வலைக்குட் புகுந்தால் அவனைத் தோளிலே தூக்குவர். பத்தாம் முறையுந் தவறினால் ஏசுவர். கினி உருவத்திற் பெரியவரல்லர். ஓட்டத்திலே மிக விரைந்தவருமல்லர். ஆயினும் பந்து எங்கே விழும் என்பதை மற்றவர்களுக்கு முன்னே அறிந்து அங்கே நிற்பார். வானில் வரும் பந்தை நிலத்திலே விழவிடாது அந்தரத்தில் வைத்தே உதைப்பதில் அவருக்கு நிகர் அரியர். இதனால் அவரை மந்திரவாதி என்று அழைத்தார்கள். ஆட்டம் இறுகி நிற்கும் வேளைகளில் கிஹோன் மைதானத்து மக்கள் ஒரே குரலாக, இப்போது கினி, இப்போது என்று கூவுவது வழக்கம்.

ஸ்பெயின் நாட்டு லீக் போட்டியில் ஒவ்வொரு பருவத்திலும் அதிக கோல்கள் அடிப்பவருக்குப் பிச்சிச்சி என்னும் பரிசு வழங்கப்படுகிறது. 1922இல் இளவயதிலேயே மறைந்த பில்பாவோ நகரத்து ஆட்டக்காரர் ஒருவரின் செல்லப்பெயர் அது. அப்பரிசைக் கினி முதற் பிரிவில் ஐந்து முறை பெற்றார். 1974இல் 20 கோல், 1976இல் 21, 1980இல் 24, 1981இல் 20, 1982இல் 26 என்பது கணக்கு. முதற் பிரிவில் அவர் மொத்தமாக அடித்தவை 219. தேசிய அணிக்காக 35 முறை ஆடினார். 1978, 1982 ஆகிய இரு உலகக் கிண்ணப் போட்டிகளிலும் இடம்பெற்றார்.

இந்தக் கணக்கிலே ஓர் ஆண்டைத் தனியே எடுத்துக் காட்ட விரும்புகிறேன். 1976இல் நாட்டிலேயே அதிக கோல்கள் அடித்தவர் கினி. அதே ஆண்டில் அவருடைய கழகம் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டு இரண்டாம் பிரிவுக்கு இறங்கிற்று. தன் குழு மூழ்கும்போது தான் மட்டும் பரிசு பெறுவது எத்துணைக் கசப்பானது என்று எண்ணிப் பாருங்கள்! கினி கழகத்திலே தங்கினார். அக்காலத்து ஸ்பெயினில் கழகம் விடாவிட்டால் ஆட்டக்காரன் எளிதில் வெளியேற இயலாது. ஆதலின் அவர் தங்கியதை முழுதும் தியாகம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தங்குவதிலும் இருவகை உண்டு. மனங்கோணி, காலை இழுத்துக்கொண்டு ஆடலாம்; அல்லது முழுமனத்தோடு ஆடலாம். கினி இரண்டாம் பிரிவிலும் அதிக கோல்கள் அடித்து, ஒரே ஆண்டிலே கழகத்தை மறுபடியும் மேலே ஏற்றினார். 1979இல் அதே கழகம் முதற் பிரிவில் இரண்டாமிடம் பெற்றது. அதற்குமேல் அக்கழகம் என்றும் ஏறியதில்லை.

1980இல், முப்பது வயதில், பார்சிலோனாக் கழகம் அவரை விலைகொடுத்து வாங்கியது. இங்கேதான் நான் சொல்லவந்த செய்தி தொடங்குகிறது.

1981ஆம் ஆண்டு மார்ச் 1ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பார்சிலோனா அன்று ஹெர்க்குலெஸ் என்னும் குழுவை ஆறுக்குப் பூச்சியமாக வென்றது. அவற்றில் இரண்டு கோல் கினியுடையவை. முதலிடத்திலிருந்த அத்லெத்திக்கோ மட்ரிட்டைப் பார்சிலோனா நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஊருக்குச் சென்றிருந்த மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துவர விமான நிலையத்துக்குப் புறப்பட்டார் கினி. துப்பாக்கி ஏந்தியவர்கள் அவரை மறித்துக் கொண்டு சென்றுவிட்டார்கள். மனைவி வந்திறங்கினார், கணவரைக் காணவில்லை.

அந்த நாட்களின் நிலையையும் நினைவிற் கொள்ளவேண்டும். அதற்கு ஆறு நாட்களுக்கு முன்னர், பெப்ரவரி 23ஆந் திகதி, ஆயுதந்தாங்கிய படையினர் ஸ்பெயின் பாராளுமன்றத்துள் நுழைந்து ஆட்சியைப் பறிக்க முயன்று தோற்றிருந்தனர். நாடு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆகவே கினி காணாமற்போனார் என்றதும், இதிலும் அரசியல் இருக்குமோ என்று மக்கள் அஞ்சினர். பார்சிலோனாக் குழு மனமுடைந்தது. அடுத்த ஞாயிறு அத்லெத்திக்கோவிடம் ஒரு கோலினால் தோற்றது. பின்னர் நிமிரவே இல்லை. பருவ இறுதியில் ஐந்தாமிடத்திலே நின்றது.

கடத்தியவர்கள் அரசியல்வாதிகள் அல்லர் என்பது பின்னரே தெரிந்தது. சரகோசா நகரத்தைச் சேர்ந்த மூவர். வேலையின்றிக் கடன்பட்டு நின்றவர்கள். கினியின் உயிருக்கு விலையாக அவர்கள் கேட்ட தொகை பத்துக் கோடி பெசெத்தா. அப்பணத்தைச் சுவிற்சர்லாந்து வங்கியிலே போடச் சொன்னார்கள். அதுவே அவர்களுக்குப் பொறியாயிற்று. பணத்தை எடுக்க ஜெனிவாவுக்குப் போன ஒருவனைப் பொலிசார் பிடித்தனர்; அவனைக்கொண்டு மறைவிடத்தைக் கண்டறிந்தனர். சரகோசாவில் ஒரு மோட்டார் வேலைத்தலத்தின் கீழே, நிலவறையிலே, கினி அடைக்கப்பட்டிருந்தார். மார்ச் 25ஆந் திகதி அவர் மீட்கப்பட்டார். மொத்தம் இருபத்தைந்து நாட்கள். அதே இரவில் லண்டன் மாநகரின் வெம்பிளி மைதானத்திலே ஸ்பெயின் தேசிய அணி இங்கிலாந்தை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. வெற்றியைவிட, கினி உயிரோடிருக்கிறார் என்ற செய்தியே அன்று அந்நாட்டு மக்களுக்குப் பெரிதாய் இருந்தது.

இருபத்தைந்து நாட்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தாடி வளர்ந்து, மெலிந்து, வெளிச்சங் கண்டு கண்கூசி வெளியே வந்த ஒருவர் தம்மை அடைத்தவர்களைப் பற்றி என்ன சொல்லவேண்டும்? நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்? கினி, அவர்கள் என்னை நன்றாகவே நடத்தினார்கள் என்றார். அவர்கள்மேல் தமக்குப் பகையில்லை என்றார். வழக்கு நடந்தது. மூவருக்கும் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கினிக்கு அவர்கள் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. அந்த நட்டஈட்டைக் கினி வேண்டாமென்று விட்டுவிட்டார்.

இங்கே சிலர் என்னை மறித்துக் கேட்கலாம். தவறு செய்தவனை மன்னித்துக்கொண்டே போனால் நாடு என்னாவது? நாளைக்கு இன்னொருவன் துப்பாக்கி தூக்க மாட்டானா? கேள்வி நியாயமானது. இதற்கு விடை கினி நடந்துகொண்ட முறையிலேயே உள்ளது. அவர் வழக்கைத் தடுக்கவில்லை. சிறைத் தண்டனை சட்டத்துக்கும் சமுதாயத்துக்கும் உரியது. அதை மன்னிக்க அவருக்கு உரிமையில்லை. நட்டஈடு அவருக்கு உரியது; மனத்துள் வைத்திருக்கும் கோபமும் அவருக்கு உரியது. தமக்குரிய இரண்டை மட்டுமே அவர் விட்டார். நம்மிற் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நியாயத்தைக் கேட்கவேண்டிய இடத்திலே, நமக்கேன் வம்பு என்று ஒதுங்குகிறோம். வீட்டுக்கு வந்து கோபத்தை மட்டும் ஆண்டுக்கணக்கில் வளர்க்கிறோம். மன்னிப்பு என்பது கோழையின் ஒதுக்கமன்று என்பதை இளைஞர்கள் இங்கே தெளிவாக உணரவேண்டும்.

மன்னித்ததனால் அவருக்கு வந்த ஊதியம் யாது? அந்தப் பருவம் முடியுமுன்னரே அவர் மீண்டும் களமிறங்கினார். ஒரு மாதத்தை நிலவறைக்குக் கொடுத்த பின்பும் அவ்வாண்டின் அதிக கோல்களுக்குரிய பரிசு அவருக்கே கிடைத்தது. ஜூன் மாதம் 18ஆந் திகதி மட்ரிட் நகரில் அரசர் கிண்ண இறுதியாட்டம். எதிர்த்து நின்றது வேறெந்தக் குழுவுமன்று. அவரை வளர்த்த கிஹோன் கழகம். அவருடைய தம்பி ஹேசூஸ் காஸ்த்ரோ நெடுங்காலம் கோல் காத்த கழகம். கினி இரண்டு கோல் அடித்தார்; பார்சிலோனா மூன்றுக்கு ஒன்று என்று வென்றது. அன்பு வேறு, ஆட்டத்தின் கடமை வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். அதற்காகக் கிஹோன் மக்கள் அவரை வெறுக்கவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம், ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர்களின் இறுதியாட்டத்தில் பெல்ஜிய நாட்டு லீஜ் குழுவுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தவரும் அவரே. பகையைச் சுமக்கிறவன் காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவன். கினி கல்லை அவிழ்த்துவிட்டு ஓடினார்.

1984இல் அவர் கிஹோனுக்கே திரும்பினார். வயது முப்பத்தைந்தை நெருங்கியிருந்தது. தம் பெயர் மங்குமே என்று அஞ்சாமல் மூன்றாண்டுகள் ஆடி, 1987இல் ஓய்வு பெற்றார். ஓய்வின் பின்னும் கழகத்தை விட்டுப் போகவில்லை. அதன் பிரதிநிதியாக இருந்து, இளம் ஆட்டக்காரருக்கு உறுதுணையாகப் பல்லாண்டுகள் உழைத்தார்.

நிற்க, தம்பியைப் பற்றி ஒரு சொல் சொல்லாவிடில் இந்தக் கதை நிறைவுறாது. அண்ணன் முன்னே நின்று கோல் போட, தம்பி பின்னே நின்று கோல் காத்தவர். ஓய்வு பெற்றபின் 1993ஆம் ஆண்டு ஜூலை 26ஆந் திகதி, அயல் மாகாணமாகிய கந்தாப்ரியாவின் பெச்சோன் என்னுமிடத்துக் கடற்கரையில் அவர் இருந்தார். ஆங்கிலேயக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் அலையிலே சிக்கித் தத்தளிப்பதைக் கண்டார். பெயர் தெரியாது, மொழி தெரியாது. ஆயினும் கடலிற் பாய்ந்தார். அவர்கள் உயிர் தப்பினர். ஹேசூஸ் காஸ்த்ரோ கடலோடு போனார். நாற்பத்திரண்டு வயது. ஆயுளெல்லாம் பந்தைப் பாய்ந்து பிடித்தவர் கடைசியிற் பாய்ந்தது மனித உயிருக்காக. ஒரே தொழிலாளர் வீட்டிலே ஒருவர் தம்மை வருத்தியவர்களை மன்னித்தார். மற்றவர் முன்பின் அறியாதவர்களுக்காக உயிரைக் கொடுத்தார். இவ்விரண்டும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்றே நான் கருதுகிறேன். தனக்கென்று வைத்திருப்பதைக் கையிறுக்காமல் விடப் பழகியவர்களுக்கே இவை கைகூடும்.

கினிக்கு 2008இல் தொண்டையிலே புற்றுநோய் கண்டது. அதையும் தாங்கி மீண்டார். 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி, கிஹோன் வீதியிலே மாரடைப்பினால் விழுந்து இறந்தார். மறுநாள் இறுதிச் சடங்கு நடந்த இடம் எது தெரியுமா? அவர் ஆடிய எல் மொலினோன் மைதானம். 1908 தொடக்கம் பந்தாட்டம் நடந்துவரும் அந்த மைதானமே ஸ்பெயின் நாட்டிற் பெரிய கழகங்கள் ஆடும் மைதானங்களுள் மிகப் பழையது. ஆயிரமாயிரமாய் மக்கள் அங்கே கூடினர். அவ்வாண்டிலேயே அம்மைதானத்தின் பெயரோடு கினியின் பெயரும் சேர்க்கப்பட்டது. கோல் அடித்தவர்கள் பலர் அந்நாட்டில் உளர். 219க்கு மேல் அடித்தவர்களும் உளர். அவர்களுக்கெல்லாம் ஊர் இப்படி அழவில்லை.

இளைஞர்களே! நான் ஏன் இவரை உங்கள் முன் நிறுத்தினேன் என்பதை மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதில் நானும் பந்தடித்தேன். ஒரு போட்டியிலே எதிர்க்குழுப் பின்னணிக்காரர் ஒருவர் என் முழங்காலை உதைத்தார். இரண்டு மாதம் படுக்கை. அதற்குப் பின் ஆட்டமே இல்லை. வேண்டுமென்று உதைத்தாரா, தவறி உதைத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் ஒருநாள் வீட்டுப் படலைவரை வந்தார்; நான் உள்ளே இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொன்னேன். ஒரே கோயில் வீதியில் எதிரெதிரே வருவோம்; முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பதினாறு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. ஒருநாள் அவர் இறந்த செய்தி வந்தது. செத்த வீட்டுக்குப் போய் முற்றத்திலே நின்றேன். அவருடைய மூத்த மகன் என்னிடம் வந்து, ஐயா, அப்பா உங்களைப் பற்றி அடிக்கடி சொல்லுவார், உங்களைப்போல் பந்தடிக்கிறவர் இந்தப் பக்கத்தில் இல்லையென்பார் என்றான். எனக்குப் பதில் வரவில்லை. என் முழங்கால் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. பதினாறு ஆண்டு அடைபட்டுக் கிடந்தது நான்தான். கினியைப் பொலிசார் வந்து திறந்துவிட்டார்கள். என்னை யார் திறப்பது? சாவி என் மடியிலேதான் இருந்தது.

இந்தச் சபையிலே, ஒரே விளையாட்டிலோ ஒரே வீட்டிலோ ஒரே வேலியிலோ மனத்தாங்கல் கொண்டு பேசாதிருப்பவர்கள் இன்று ஒருவருமில்லை என்று சொல்ல முடியுமா? பெரியோர்களே, உங்களையுஞ் சேர்த்தே கேட்கிறேன்; என்னையும் நீக்கவில்லை. நியாயம் கேட்கவேண்டியிருந்தால் நேரே கேளுங்கள், சபையிலே கேளுங்கள். கேட்டபின் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். படலைவரை வருகிறவருக்கு இல்லையென்று சொல்லாதீர்கள். நாளைக்கு ஆட்டம் முடிந்ததும் எதிர்க்குழுவினரின் கையைப் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். காயம் பட்டிருந்தாலும் பிடியுங்கள். பட்டிருந்தால் இன்னும் இறுக்கமாகவே பிடியுங்கள்.